மணிப்பாட்டின் கடைசி வரி

"பெங்களூர்ல எறங்குனா வாயத் தொறந்து தமிழ் பேசிராத, என்ன?"

போனில் அம்மா இதை மூன்று தடவை சொன்னாள். 2007 மார்ச் 16, வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மொட்டைமாடிக்குப் போனால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். காயப்போட்ட லுங்கிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா பயந்ததில் தப்பில்லை. பிப்ரவரி 5-ஆம் தேதி காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்திருந்தது. ஒரே வாரத்தில், 12-ஆம் தேதி, கர்நாடகத்தில் பந்த். போதாக்குறைக்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய ஞாபகம் வேறு உண்டு. 1991 டிசம்பர் கலவரத்தின்போது பெங்களூரில் இருந்த சித்தப்பா குடும்பம் உடுத்திய துணியோடு ரயிலேறி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மாதம் இருந்தது. பட்டப்பகலில்கூட சித்தி வாசல் கதவைத் தாழ் போட்டுத்தான் வைத்திருப்பாள். அம்மாவுக்கு பெங்களூர் என்றால் அந்தத் தாழ்ப்பாள்தான்.

"அப்படி என்ன சோலி அங்க?"

"ஒரு கச்சேரிம்மா."

"யாரு பாடுறா?"

இதற்கு என்ன சொல்வது? அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பெயரைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. "சின்ன வயசுல டேப்ல போடுவேன்லா, அந்த இங்கிலீஷ்காரன்…"

"எது, அந்தக் கத்துறவனா?"

"அவன்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "அவன் இன்னுமா உசிரோட இருக்கான்?"

அந்த 'டேப்'பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1993-இல் எனக்கு வயது பதிமூன்று. எதிர்வீட்டு அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். தூத்துக்குடியில் ஏறினால் எட்டு மாதம், பத்து மாதம் கழித்து சிங்கப்பூர்ச் சட்டையும் சென்ட் வாசனையுமாக வந்து இறங்குவார். அவரிடம் டபுள் டெக் டேப்ரெக்கார்டர் ஒன்று இருந்தது. எனக்கு ஒரு பாட்டுக் கேசட் 'அடித்துத்' தரச் சொல்லி நச்சரித்ததில், காலிக் கேசட் கொண்டுவா என்றார். காலிக் கேசட்டுக்கு நான் எங்கே போக? அப்பாவின் முருகன் பாட்டுக் கேசட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் வாங்கும் கேசட்டில் மேலே பதிக்க முடியாதபடி முதுகில் இரண்டு மூலையிலும் பள்ளம் இருக்கும். அதில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் எதையும் அழித்து எதையும் பதிக்கலாம். அண்ணன் தினத்தந்தியின் ஓரத்தைக் கிழித்து அடைத்தார். முருகன் போய் அயர்ன் மெய்டன் வந்தது இப்படித்தான். முழுதாகவும் போகவில்லை. பி பக்கத்தில் இங்கிலீஷ் பாட்டு முடிந்ததும் இரண்டு விநாடி 'ஸ்ஸ்' என்று இரையும், அப்புறம் பாதியில் பிடித்து "…வேலவா" என்று முருகன் எழுந்துவிடுவார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது அந்த இடத்தில்தான். அது வேறு கதை.

ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் அட்டையில் பென்சிலில் எழுதியிருந்த பெயர்கள் நாலு நாளில் அழிந்துபோயின. அதனால் நானே ஒரு பெயர் வைத்தேன்: மணிப்பாட்டு. ஆரம்பத்தில் ஒரு கோயில் மணி, ரொம்ப தூரத்தில் அடிப்பது போல. அதன்மேல் ஒருவன் மெதுவாக, புலம்புவது போலப் பாடுவான். பிறகு ஒரே அலறல். உடனே எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். ஒரு நெட்டை, இரண்டு குட்டை: டூம்-டகு, டூம்-டகு, டூம்-டகு. அது குதிரை ஓட்டம் என்று அப்போது தெரியாது. பேஸ் கிட்டாரைத் தந்தி மீட்டுகிற 'பிக்' இல்லாமல் விரலாலேயே அந்த வேகத்தில் வாசிக்கிறவர் ஸ்டீவ் ஹாரிஸ் என்பதும், 1975-இல் கிழக்கு லண்டனின் லெய்ட்டன் பக்கத்தில் இந்தக் குழுவைத் தொடங்கியவர் அவர்தான் என்பதும், இந்தப் பாட்டை எழுதியவரும் அவர்தான் என்பதும் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது.

வரிகள் சுத்தமாக விளங்கவில்லை. நான் தமிழ் மீடியம். காதில் விழுந்த மூன்று நான்கு சொல்லை வைத்து நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். மணி அடிக்கிறது. ஒருவன் அலறுகிறான். ஓடுகிறான். நேரமாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்கிறான். ஆக, பள்ளிக்கூடத்துக்கு லேட்டான பையன்! தினமும் எட்டே முக்கால் மணிக்கு அரை டிரவுசரைப் பிடித்துக்கொண்டு நான் ஓடுகிற ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு உலகத்தில் இருக்க முடியாது.

பாட்டு போய்க்கொண்டே இருக்கும். பல்லவி என்று ஒன்று திரும்பி வரவே வராது. பாடுகிறவன் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஏறி, ஏறி, இதோ யாரோ எதையோ சொல்லப்போகிறார்கள் என்று மயிர்க்கூச்செறிகிற இடத்தில், டக். கேசட் தீர்ந்து பிளே பட்டன் எகிறிவிடும்.

ஆறு வருஷம் எனக்கு அந்தப் பாட்டு முடிந்தது அந்த 'டக்'கில்தான். சத்தியமாக அதைக் குறையாகவே நினைக்கவில்லை. ஒருவன் ஓடுகிறான், ஓடுகிறான், கேட் சாத்திவிட்டார்கள். டக். இதில் என்ன குறை?

எங்கள் பள்ளி ஒரு மிஷன் பள்ளி. காலையில் மைதானத்தில் வரிசையாக நின்று, கண்ணை மூடி, கையைக் கூப்பி, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று ஆயிரம் பேர் ஒரே ராகத்தில் இழுப்போம். நெற்றியில் விபூதி வைத்தவனும் இழுப்பான், தொப்பி போட்டவனும் இழுப்பான். பரிசுத்தம் என்றால் என்ன, பரமண்டலம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. 'பரிசுத்தப்படுவதாக' என்ற சொல் வாயில் உருளுகிற சுகம் மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

1999-இல் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதி. பக்கத்து அறைக்காரன் கம்ப்யூட்டர் வைத்திருந்தான், ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு. ஒருநாள் ராத்திரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது அந்த அறையிலிருந்து மணி அடித்தது. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் தெரிந்த இடம். கிட்டார் ஏறியது. 'டக்' வர வேண்டிய நொடி வந்தது. வரவில்லை. பாட்டு பாட்டுக்குப் போனது. பாடுகிறவன் திரும்பி வந்து, நீட்டி, முழக்கி, ஒரு வரியைச் சொன்னான்.

ஹாலோட் பி தை நேம்.

"என்னடா சொல்றான்?"

சி.எஸ்.ஐ. போதகரின் மகன் ஒருவன் அங்கே கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான். மூக்குச்சளியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பரமண்டல ஜெபம்லாடா. உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக."

பிறகு அவன்தான் வரிவரியாகச் சொல்லித் தந்தான். பள்ளிக்கு லேட்டான பையன் இல்லை. விடிந்தால் தூக்கு. இருட்டறையில் காத்திருக்கிறான். மணி அடிக்கிறது. பாதிரியார் வந்து ஜெபிக்கிறார். கம்பி வழியாக வெளியே கடைசியாக ஒருதடவை பார்க்கிறான். ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிற பாட்டில் தலைப்பைச் சொல்வது அந்தக் கடைசி இடத்தில் மட்டும்தான். என் கேசட் சரியாக அதை மட்டும் விழுங்கியிருந்தது. ஆறு வருஷம் காலையில் மைதானத்தில் அந்த வரியைச் சொன்னேன், சாயங்காலம் வீட்டில் அந்த வரி இல்லாத பாட்டைக் கேட்டேன். இரண்டையும் சேர்த்துவைக்க சளிபிடித்த ஒரு போதகர் மகன் வேண்டியிருந்தது.

(இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் குழுவைவிட்டுப் போனது 1993-இல், எனக்குக் கேசட் கிடைத்த அதே வருஷம். திரும்பி வந்தது 1999-இல். நான் பாளையங்கோட்டையில் உருகிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர் அங்கே இல்லவே இல்லை.)

சரி, பெங்களூர்.

மார்ச் 17, சனிக்கிழமை, பேலஸ் கிரவுண்ட்ஸ். அந்த அளவுக்குப் பெரிய மெட்டல் குழு (ராக்கிலேயே கனத்த சத்தக்காரர்கள்) ஒன்று இந்தியாவில் முழுக் கச்சேரி செய்வது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் எங்களுக்கெல்லாம் கிடைத்தது ஓய்வு பெறும் வயதில் வந்துபோன ஓரிரு ராக் குழுக்களும் கல்லூரி விழாக்களும்தான். டிக்கெட் என் ஒரு மாத மெஸ் பில்லுக்கு மேல். வெள்ளி இரவு சென்ட்ரலில் பெங்களூர் மெயிலில் அன்ரிசர்வ்ட். பெட்டி முழுக்கக் கறுப்பு டி-சர்ட். ஐயப்ப சீசன் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று ஒரு பாட்டி குழம்பிப்போய்க் கேட்டாள்.

சிட்டி ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து அம்மாவின் கட்டளைப்படி வாயைத் திறக்கவில்லை. விரலைக் காட்டி இட்லி வாங்கினேன். விரலைக் காட்டி காபி. ஆட்டோக்காரரிடம் "பேலஸ் கிரவுண்ட்ஸ்" என்ற இரண்டே சொல். மத்தியானம் இரண்டு மணிக்கே வரிசை மேக்ரி சர்க்கிள் பக்கம் வளைந்துகொண்டிருந்தது. வெயில். புழுதி. ஷில்லாங்கிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஆள் மட்டும் கூட்டத்தோடு ஒட்டவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்வழுக்கை, எண்ணெய் தடவிய பின்முடி. இஸ்திரி போட்ட பேன்ட்டுக்குள் செருகிய அயர்ன் மெய்டன் டி-சர்ட். அதன்மேல் பெல்ட். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்கேர்ந்துப்பா வர்றே? மெட்ராஸா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இன்னாத்துக்கு ஊமை மாதிரி தலைய ஆட்டுறே?"

கோலார் தங்கவயல்காரர். சாம்பியன் ரீஃப்ஸ். அப்பா, தாத்தா எல்லாம் சுரங்கம். மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போன குழி அது. 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபின் ஊரில் பாதிப்பேர் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி ரயிலில் வீட்டுக்குப் போகிறார்கள். அவரும் அப்படித்தான், ஒரு லேத் பட்டறையில். தங்கவயலில் ஆங்கிலோ இந்தியர்கள் புண்ணியத்தில் இங்கிலீஷ் பாட்டு தெருவுக்குத் தெரு உண்டாம். மெய்டனை இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறாராம். "எங்கப்பா கீழே டிரில்லு புடிச்சவரு. காதே கேக்காது. வூட்ல நான் எவ்ளோ சத்தமா வெச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதான் எனக்கு இந்தப் பழக்கம்."

இதையெல்லாம் அவர் ஊருக்கே கேட்கும்படி தமிழில்தான் சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நானும், "இல்லண்ணே, எனக்குச் சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம்" என்று ஆரம்பித்து, இரண்டு மணி நேரம் வாய் மூடவில்லை.

கேட்டில் சோதனை. பெல்ட்டைக் கழற்று, சில்லறையைப் போடு, தண்ணீர் பாட்டிலைப் போடு. தங்கவயல் அண்ணனின் பெல்ட் போனது. என் சட்டைப் பையைத் தடவிய செக்யூரிட்டி ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். வெள்ளைப் பொடி. என்னைப் பார்த்தார். முகர்ந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார்.

ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அம்மா வைத்துவிடுகிற விபூதி. பொங்கலுக்குப் போனபோது வைத்தது, சட்டையோடு சட்டையாகக் கிடந்திருக்கிறது. எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, கன்னடம் அறவே தெரியாது, தமிழ் பேசக் கூடாது. கடைசியில் பேசாமல் மூன்று விரலால் அள்ளி நெற்றியில் பட்டையாக இழுத்துக் காட்டினேன். அண்ணன் கன்னடத்தில் ஏதோ சொன்னார். செக்யூரிட்டி சிரித்துவிட்டு, தானும் ஒரு துளி எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். கொம்பு முளைத்த பிசாசுப் படம் போட்ட டி-சர்ட்டும் நெற்றி நிறையத் திருநீறுமாக நான் மைதானத்துக்குள் போனது இப்படித்தான்.

முதலில் டெல்லியின் பரிக்ரமா வாசித்தார்கள். ராக்கில் வயலினைச் சேர்த்துக்கொண்ட குழு. நன்றாகவே வாசித்தார்கள், அந்த ஜூனில் இங்கிலாந்தின் டவுன்லோட் விழா மேடை வரை போனார்கள். ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் பாடினார். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டம்ளர் தண்ணீருக்கு அரைமணி நேரம் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

இருட்டியது. ஸ்பீக்கரில் யுஎஃப்ஓ என்ற பழைய குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஓட ஆரம்பித்ததும் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மெய்டன் மேடைக்கு வருமுன் எந்த ஊரிலும் அந்தப் பாட்டைப் போடுவார்கள். அது முடிந்தால் விளக்கு அணையும். தெரிந்தவர்கள் அந்த நிமிஷமே கத்த ஆரம்பிப்பார்கள், தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துக் கத்துவார்கள். நான் தெரியாதவன்.

மேடை ஒரு போர்க்களம். மணல் மூட்டைகள், பதுங்குகுழி. முந்தைய வருஷம் வந்த ஆல்பம் போரைப் பற்றியது. 2006-இல் அந்தப் பயணத்தைத் தொடங்கியபோது புது ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே வாசித்தார்கள். பழைய பாட்டு கேட்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் அதிர்ஷ்டம், 2007-இல் பாதிக்கு மேல் பழசு.

முதல் இரண்டு பாட்டில், நான் நின்ற இடத்தில் கிட்டார் காற்றோடு போய்விட்டது. டிரம்ஸும் பேஸும் மட்டும் நெஞ்சில் வந்து குத்தின. மூன்று கிட்டார்காரர்கள் இருந்து என்ன புண்ணியம் என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டில் யார் எதைத் திருகினார்களோ, திரையை விலக்கினது போல எல்லாம் தெளிந்தது. ஹாரிஸ் மேடை விளிம்புக்கு வந்து, ஒரு காலை ஸ்பீக்கர் மேல் தூக்கி வைத்து, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி எங்கள் பக்கம் நீட்டி, டூம்-டகு, டூம்-டகு. திரையில் அவர் விரல்களைப் பெரிதாகக் காட்டினார்கள். இரண்டே விரல், சிலந்தி நடப்பது போல. பாடுவது டிக்கின்சன். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஹாரிஸின் வாயும் சத்தமில்லாமல் அசைகிறது. எழுதியவன் வாய் சும்மா இருக்குமா?

டிக்கின்சனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மணல் மூட்டை மேல் ஏறுகிறார், குதிக்கிறார், அந்தக் கோடிக்கு ஓடுகிறார், மூச்சு வாங்காமல் உச்சத்தில் பாடுகிறார். விமானம் ஓட்டுவதும் அவருக்கு ஒரு தொழில். மறு வருஷமே போயிங் 757 ஒன்றில் மொத்தக் குழுவையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டி, பிப்ரவரி முதல் தேதி மும்பையில் கச்சேரி வைத்தார். எந்த ஊருக்குப் போனாலும் "ஸ்க்ரீம் ஃபார் மீ" என்று சொல்லி ஊர் பெயரைச் சேர்ப்பார். நாடாக்களில் 'லாங் பீச்' என்று கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் 'பேங்கலோர்' என்று விழுந்தபோது, அந்த ஊரில் ஒரு சதுர அடி சொந்தம் இல்லாத எனக்கு ஏன் கண் கலங்கியது என்று இன்றைக்கும் புரியவில்லை.

'ஃபியர் ஆஃப் தி டார்க்' தொடங்கியது. 1992-இல் வந்த பாட்டு. தொடக்கத்தில் வருகிற கிட்டார் மெட்டைக் கூட்டம் 'ஓ… ஓஓ…' என்று வார்த்தை இல்லாமல் பாடும். அது ஆல்பத்தில் கிடையாது. 2001-இல் ரியோ டி ஜெனிரோவில் பிரேசில்காரர்கள் லட்சக்கணக்கில் நின்று பாடியது ஒரு நேரடி ஆல்பமாக வந்தது. எங்கள் தலைமுறை அதைக் கேட்டுத்தான் பழகியது. ஆக, அன்றைக்கு நாங்கள் பாடியது மெய்டன் பாட்டை இல்லை, பிரேசில்காரர்களின் பாட்டை. அவர்களுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான் போல. அதனால்தான் கிட்டாரையே பாடிவிட்டார்கள். பக்கத்தில் கூர்க் பையன் ஒருவன், அந்தப்பக்கம் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி, இந்தப்பக்கம் அண்ணன். எல்லோரும் வாயைப் பிளந்து ஓ. அந்த நாள் முழுக்க அம்மா சொல்லைத் தட்டாமல் நான் திறந்த வாய் அது ஒன்றுதான். அந்தப் பாட்டிலேயே என் தொண்டை போய்விட்டது.

குதித்த குதியில் புழுதி எழும்பி மேடை வெளிச்சத்தில் செம்பழுப்பாக நின்றது. கறுப்புச் சட்டை ஒன்றுகூடக் கறுப்பாக இல்லை. மேடையின் பின்னாலிருந்து ஒரு பீரங்கி வண்டி வந்தது. அதற்குள்ளிருந்து 'எட்டி' என்று பெயர் வைத்த, குழுவின் அந்த ஆஸ்தானப் பிசாசு பட்டாளத்து வேஷத்தில் எழுந்தான். பெரியவர்கள் எல்லாரும் குழந்தை மாதிரிக் கைகொட்டினார்கள். தேர்த்திருவிழாவில் பொம்மலாட்டக் கரடி வந்தது போல இருந்தது. அண்ணன் விசில் அடித்தார். பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

கடைசிப் பாட்டுக்கு விளக்குகள் குறைந்தன. மணி அடித்தது.

இதைச் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அந்தப் பாட்டை முழுதாக நான் அதற்கு முன் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். கடைசி வரி எனக்குப் புதிது இல்லை. ஆனாலும் கிட்டார்கள் ஏற ஏற, என் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் எதையோ பிடிக்கக் குவிந்தன. எனக்கே விசித்திரமாக இருந்தது. கேசட்டைத் திருப்பிப் போடத்தான்! 'டக்' என்றதும் எழுந்து போய்த் திருப்பிப் போடுகிற கை. தலைக்கு 1999-லேயே தெரிந்துவிட்ட செய்தி அந்தக் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இதோ, இதோ, இப்போது நின்றுவிடும் என்று அது காத்திருந்தது.

நிற்கவில்லை. டிக்கின்சன் தலையைப் பின்னால் சாய்த்து அந்த வரியை எடுத்தார். மைதானமே எடுத்தது. நானும் எடுத்தேன். இல்லாத தொண்டையில் எவ்வளவு வருமோ அவ்வளவு. என் வாயிலிருந்து என்ன மொழி வந்தது என்று கவனிக்கவில்லை.

பக்கத்திலிருந்த அண்ணன் திரும்பி, என் நெற்றிப் பட்டையைப் பார்த்து, "ஆமென்" என்றார்.

எல்லாம் முடிந்து விளக்கு போட்டபோது ஸ்பீக்கரில் மான்டி பைதான் குழுவின் அந்தக் குஷியான பாட்டு ஓடியது, வாழ்க்கையின் நல்ல பக்கத்தையே பார் என்று விசில் அடிக்கிற பாட்டு. அதுவும் மெய்டன் வழக்கம்தான். கூட்டம் நகர நகர, இத்தனை நேரம் சிக்னல் இல்லாமல் செத்துக் கிடந்த என் நோக்கியா உயிர்பெற்று நடுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அறைத்தோழனின் எஸ்எம்எஸ்கள், வரிசை மாறி, கொத்தாக வந்து விழுந்தன.

'தோனி 0'. 'சேவாக் 2'. 'டேய் எங்கடா இருக்க'. 'டிராவிட்டும் போயாச்சு'. 'சச்சின் 7'. 'கங்குலி மட்டும் நிக்கிறான்'. 'உத்தப்பா காலி'.

உலகக் கோப்பை! அன்றைக்குத்தான் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியாவுக்கு முதல் மேட்ச், வங்கதேசத்தோடு. நம் நேரம் ஏழு மணிக்குத் தொடங்கியது. சுத்தமாக மறந்துபோயிருந்தேன். என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கான கறுப்புச் சட்டைகள் ஒரே நேரத்தில் போனைப் பார்த்து ஒரே நேரத்தில் "ச்சே" என்றன. மேலே ஸ்பீக்கரில் விசில்.

அண்ணனும் நானும் ஸ்டேஷன் வரை நடந்தோம். அவருக்குத் தங்கவயல் வண்டி காலையில்தான், எனக்கும் லால்பாக் எக்ஸ்பிரஸ் காலையில்தான். பிளாட்பாரத்தில் தினசரியை விரித்து உட்கார்ந்தோம். இந்தியா 191-க்குச் சுருண்டது. பிறகும் எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருந்தது. 'தமீம்னு ஒரு பொடியன், 17 வயசாம், ஜாகீர எறங்கி வந்து சிக்ஸ் அடிக்கிறான்'. நான் படித்துக் காட்டப் பார்த்தேன், குரல் வரவில்லை. போனை நீட்டினேன். அண்ணன் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரத்தில் தன் தொடையில் இரண்டு விரலால் டூம்-டகு தட்டிக்கொண்டே தூங்கிப்போனார். பேர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மேன்ஷனுக்கு வந்து சேரும்போது ஞாயிறு மத்தியானம். எழவு வீடு மாதிரி இருந்தது. டிவியை அணைத்துவிட்டு, டிவி முன்னால் எட்டுப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சவரம் செய்யவில்லை. பாகிஸ்தானும் அயர்லாந்திடம் தோற்றுவிட்டது என்பதில்கூட யாருக்கும் ஆறுதல் இல்லை. என் காதில் 'ஙீ' என்று ஓர் ஒற்றைச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அறைத்தோழன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். செம்மண் அப்பிய சட்டை, சிவந்த கண், கலைந்த தலை, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு.

"எப்படிடா இருந்துச்சு?" என்றான்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அவன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். "விடுறா, விடுறா. இன்னும் பெர்முடா இருக்கு, இலங்கை இருக்கு. ரெண்டையும் ஜெயிச்சா உள்ள போயிரலாம்."